நாயனம் கிழக்கு அறையில், தவில் மேற்கு அறையில்

என் அன்பு அண்ணனுக்கு, கிழக்கு அறையைப் பூட்டாமலே போய்விட்ட அண்ணனுக்கு,

போன வெள்ளிக்கிழமை உங்கள் முதல் திவசம் முடிந்தது. நிறையப் பேர் வந்தார்கள். நீங்கள் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் ஒரு தடவை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வடை சூடாக இருக்கும்போதே வந்து சேர்ந்தார்கள். உங்கள் படத்துக்கு முன்னால் அரை நிமிடம் நின்றுவிட்டு, பந்திக்கு இன்னும் எத்தனை நேரம் ஆகும் என்று என்னிடமே கேட்டார்கள்.

மெட்ராஸ் மாப்பிள்ளையும் வந்திருந்தார். நம் தங்கை வீட்டுக்காரர்தான், வேறு யார்? சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு உங்கள் அறைக்குள் நுழைந்தார். புத்தக அலமாரியில் இருந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் மேலும் கீழும் பார்த்தார்.

“இதுகளை இன்னும் தூக்கிப் போடலையா? இந்த வெலைக்கு இவ்வளவுதான் பேசும்னு நான் அன்னைக்கே சொன்னேனே!”

பத்து வருஷமாக இதே வாக்கியம். அன்றைக்கும் அவர் அந்தப் பெட்டிகளைக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. காது செய்ய வேண்டிய வேலையை விலையை விசாரித்தே முடித்துவிடுகிற மனிதர். அவர் வீட்டில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் நிற்கிறது. அதில் அவர் கேட்பது ரேடியோச் செய்தி.

இரண்டு பெட்டியும் எப்படி உங்கள் அறைக்கு வந்தது என்று உங்களுக்கு இந்நேரம் புருவம் ஏறியிருக்கும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது ஏழு வருஷம் உங்களோடு ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது பத்திரிகைக்கு எழுதுகிறான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம் சண்டையை ஊரே கேட்டது. அது எப்படி முடிந்தது என்பதையும் ஊரே கேட்கட்டும்.

அறுபதுகளின் கடைசியில் ஆத்தாவின் தம்பி, நம் அம்மான், பினாங்கிலிருந்து அதைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு ரெக்கார்டு பிளேயர், அதோடு இரண்டு சின்ன மரப்பெட்டி ஸ்பீக்கர். அகராதிக்குப் பக்கத்தில் அலமாரியில் ஒண்டிக்கொள்கிற அளவு. அங்கே ஒரு குமாஸ்தாகூட வாங்கிவிடுவான் என்று அம்மானே சொன்னார். அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. மலிவு என்று ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் நம்மவர்களுக்கு அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் கேட்காது.

அந்த மாதம்தான் என் கல்யாணம் முடிந்து என்னை வேறு வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் விழிப்பார்கள்: எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணமானால் அதே வீட்டில் ஓர் அறையும் தனி அடுப்பும் கொடுத்து, பண்ட பாத்திரங்களையும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த வளவு, வளவை ஒட்டி அறைகள். ஒரு வளவுக்குள் இரண்டு குடித்தனம். நம்மைப் பெற்ற அப்பச்சி, குடத்தையும் குத்துவிளக்கையும் பிரித்த கையோடு ஸ்பீக்கரையும் பிரித்தார்.

“பெட்டி ரெண்டு, பிள்ளைக ரெண்டு. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

யோசிக்க நிறைய இருந்தது. யோசிக்கத்தான் ஆள் இல்லை. ஒரு பெட்டி உங்கள் கிழக்கு அறைக்கு, ஒன்று என் மேற்கு அறைக்கு. பிளேயர் மட்டும் கிணற்றையும் ஊஞ்சலையும் போலப் பொது என்று வளவு மேசையில் வைத்தார். அங்கிருந்து தூண் தூணாக ஒயர் இழுத்தார்கள். அதோடு விட்டாரா? பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு, பெட்டிகளின் முதுகிலும் எழுத்து வெட்டச் சொன்னார். பித்தளைக்குப் பழகிய உளியை மரத்தில் வைத்து அந்த மனிதர் பட்ட பாடு! உங்களுடையதில் சொ.நா., என்னுடையதில் சொ.க. ஸ்பீக்கருக்குப் பெயர் வெட்டிய குடும்பம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். நாம் அதைப் பெருமையாகத் தடவி வேறு பார்த்துக்கொண்டோம்.

அம்மான் கொண்டுவந்த புதுத் தட்டுகளில் ஒன்று நாயனக் கச்சேரி. நீங்கள் ஊசியை வைத்துவிட்டு உங்கள் அறைக்கு ஓடினீர்கள், நான் என் அறைக்கு ஓடினேன். கல்யாணமான இரண்டு ஆண்பிள்ளைகள் அப்படி ஓடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு பக்கம் முடிந்ததும் முற்றத்து ஓரத்தில் வந்து நின்றோம்.

“நாயனம் பிரமாதம்டா. ஆனா தவிலு எங்கடா? கொட்டுற சத்தமே காணோம்” என்றீர்கள்.

“என்னண்ணே சொல்றீக? தவிலுதான் கதவைப் பேக்குது. நாயனந்தான் கெணத்துக்குள்ள இருந்து ஊதுறாப்புல இருக்கு.”

“ஒனக்குக் காதுல குறும்பிடா.”

“ஒங்களுக்கு?”

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். பழைய தட்டுகளைப் போட்டபோது இரண்டு அறையிலும் ஒரே மாதிரிதான் கேட்டது. புதுத் தட்டுகளில்தான் இந்த வினை. அதை வைத்தாவது நமக்கு ஒரு பொறி தட்டியிருக்க வேண்டாமா?

அப்புறம் ஊர் வந்தது. ஒரு வாய் காபிக்கு ஓர் அபிப்பிராயம் சொல்லாமல் எழுந்து போகத் தெரியாத ஊர். உங்கள் அறையில் உட்கார்ந்து கேட்டவர்கள், குழல் வாத்தியத்துக்கு இந்தப் பெட்டி தேவலை, தாளத்துக்கு உதவாது என்றார்கள். என் அறையில் கேட்டவர்கள், அடி நன்றாக விழுகிறது, ராகம் செத்துக் கிடக்கிறது என்றார்கள். ரேடியோ ரிப்பேர்க்காரர் பெட்டியைக் காதோரம் வைத்துத் தேங்காயைப் போலக் குலுக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள அட்டை சரியில்லை” என்றார். எந்தப் பெட்டியில் என்று கேட்டதற்கு, “பொதுவாச் சொல்றேன்” என்றார். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர் ஒருவர் வந்தார். இரண்டு அறைக்கும் போனார். இவராவது கண்டுபிடிப்பார் என்று பார்த்தால், உங்கள் அறையின் உத்தரம் தவிலை உறிஞ்சுகிறது, என் அறையின் சுண்ணாம்புச் சுவர் நாயனத்தைக் குடிக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். படித்த மடையனுக்கும் படிக்காத மடையனுக்கும் ஒரே வித்தியாசம், படித்தவன் முடிக்க நேரமாகும்.

இரண்டு வருஷத்தில் இத்தனை பேரும் சேர்ந்து உங்கள் மனதில் ஒன்றை ஊன்றிவிட்டுப் போனார்கள். தம்பி நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டான் என்று. என்னிடம் வந்து உங்களைப் பற்றி அதையே சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டீர்கள். “நல்லதை நீ அமுக்கிக்கிட்டு எனக்கு ஓட்டையைத் தள்ளிவிட்டுட்டேல்ல?”

அப்பச்சி பஞ்சாயத்து செய்தார். பெட்டிகளை மாற்றச் சொன்னார். சொ.க. என்று வெட்டிய பெட்டி உங்கள் அறைக்கு, சொ.நா. என்று வெட்டியது என் அறைக்கு. அதே நாயனத் தட்டு. நீங்கள் உங்கள் அறையிலிருந்து வெளியே வந்தீர்கள். “இதுலயும் தவிலு இல்லை.” நான் வந்து சொன்னேன், “இதுலயும் நாயனம் கேக்கலை.”

யாருக்காவது அப்போது சந்தேகம் வந்ததா? பெட்டி மாறியும் குறை மாறவில்லையே, குறை வேறு எங்கேயோ இருக்கிறது என்று ஒருவருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. என் அறையில் தவில் பேசிய பெட்டி உங்கள் அறைக்கு வந்ததும் ஊமையாகுமா, நான்தான் இத்தனை நாளும் பொய் சொன்னேன் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். நாயனம் பேசிய உங்கள் பெட்டியைக் கேட்டுவிட்டு நானும் அதே முடிவுக்கு வந்தேன்.

“பொய் சொல்றவனோட எனக்கென்னடா பேச்சு?”

“பேச வேண்டாம். யாரு கூப்புட்டா?”

அவ்வளவுதான். ஏழு வருஷம். மறு வருஷம் அப்பச்சி காலமானபோதுகூட, கொள்ளி வைக்கிற காரியத்துக்கு வேண்டியதை நீங்கள் என்னிடம் ஆள் விட்டுத்தான் கேட்டீர்கள். பெட்டிகளை மறுபடி மாற்றிக்கொள்ளவும் இல்லை. உங்கள் பெயர் என் அறையிலும், என் பெயர் உங்கள் அறையிலுமாகத் தங்கிவிட்டன.

காலை உங்கள் நேரம், சாயங்காலம் என் நேரம் என்று பிளேயருக்கு முறை வைத்துக்கொண்டோம். நீங்கள் தட்டு போட்டால் என் அறைப் பெட்டியும் பாடுமே! பொறுக்காமல் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பேன். திருப்பினால் அதன் முதுகு என்னைப் பார்க்கும். சொ.நா. என்று. தினமும் காலையில், நீங்கள் கேட்டு முடிக்கிற வரைக்கும், உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போயிருக்கலாம். போனால் தோற்றதாகிவிடுமே!

முற்றத்தை ஒட்டி, பிளேயர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பவர் உங்கள் மனைவி, என் அண்ணமிண்டி. ஆரம்பத்திலேயே அவர் ஒரு தடவை சொன்னார், “எனக்கு எல்லாம் நல்லாத்தானே கேக்குது” என்று. பெண்பிள்ளைக்குச் சத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். பெட்டி விஷயத்தில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான். வெட்கக்கேடு.

இனிமேல் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது.

நீங்கள் படுக்கையில் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு பிரம்புக் கூடையைத் தேடி மேல்வீட்டுக்குப் போனேன். அங்கே அந்தப் பினாங்கு அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே வைக்கோல், அடியில் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள். அதில் ஒரு படம். ஒரே அலமாரியில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, எதிரே நாற்காலியில் ஒரு மனிதன், இரண்டு பெட்டியிலிருந்தும் அவன் காதுக்குப் புள்ளிக் கோடு. கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்தப் புதுவகைத் தட்டுகளில் கச்சேரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒரு பெட்டிக்கும் மறு பாதியை மறு பெட்டிக்கும் அனுப்புகிறார்களாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். உங்கள் அறைக்குப் போன ஒயரில் நாயனம் போனது. என் அறைக்கு வந்த ஒயரில் தவில் வந்தது. எந்தப் பெட்டியை மாட்டினால் என்ன?

நீங்கள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெட்டியிலும் ஒரு குறையும் இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி வந்தேன், அண்ணே. சத்தியமாக உங்களிடம்தான் வந்தேன். நீங்கள் பிளேயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். என்னைப் பார்க்காமல் அண்ணமிண்டியிடம் சொன்னீர்கள், “மேக்கு ரூம்புக்காரருக்கு எரிச்சலா இருந்தா, கதவைச் சாத்திக்கிறச் சொல்லு.” அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு. தாளை நாலாக மடித்து என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அவர் வரட்டும், அவர் முதலில் பேசட்டும், அப்புறம் காட்டலாம் என்று. மெட்ராஸ் மாப்பிள்ளையையும் பௌதிக வாத்தியாரையும் இத்தனை ஏசினேனே, அவர்களுக்காவது தெரியாது. தெரிந்தும் மடித்து வைத்தவன் நான்.

நீங்கள் படுத்தீர்கள். மதுரைக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் காலை அண்ணமிண்டி என் அறை வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, அந்த நாயனத் தட்டை வைக்கச் சொல்றாக. உங்க கதவைத் தெறந்து வைக்கணுமாம்.”

“எதுக்கு?”

“தவிலு உங்க ரூம்லதான் கேக்குமாம். அவுகதான் சொன்னாக.”

ஏழு வருஷம் பொய்யன் என்று சொன்ன வாயால் அதை நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். என் அறையில் தவில் கேட்கும் என்பதை நம்பிவிட்டீர்கள். அதற்கு மேல் நீங்கள் என்ன இறங்கி வர வேண்டும்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டைப் போட்டேன். கதவைத் திறந்தேன். சுவரைப் பார்த்திருந்த பெட்டியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். செய்துவிட்டு, பெரிய மனது பண்ணியவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஒரு கையால் தூக்குகிற பெட்டி அது. உங்கள் கட்டில் இருபது அடி தூரம். ஒயர் எட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு முழம் ஒயரை முறுக்கிச் சேர்க்க எனக்குத் தெரியாதா?

நீங்கள் கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போட்டீர்கள் என்றும், நடுநடுவே நிறுத்திவிட்டு என் வாசல் பக்கம் காதைக் கொடுத்தீர்கள் என்றும் அண்ணமிண்டி பிறகு சொன்னார். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

காரியங்கள் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தேன். உங்கள் அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். ஒயரைச் சேர்க்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நாற்காலியைப் போட்டு அண்ணமிண்டியை உட்காரச் சொல்லி அதே தட்டை வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதைத்தானே தம்பி நான் ஒம்போது வருசமா வளவுல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். அங்குட்டு நாயனம், இங்குட்டுத் தவிலு. நீக ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டீகன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலை.”

தாளைக் காட்டினேன். எப்போது கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு சுடுசொல்லாவது சொல்லியிருக்கலாம்.

நல்ல பெட்டிதான், அண்ணே. சத்தத்தைக் கூட்டினால் கொஞ்சம் கரகரக்கிறது. தவிலில் கோல் விழுகிற தொப்பிப் பக்கத்து அடி மெலிவாகத்தான் விழுகிறது. அதையாவது அந்த மெட்ராஸ் மாப்பிள்ளை உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் மனிதனாக மதித்திருப்பேன்.

இப்போது வீட்டுச் செய்தி. நம் மீனாளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைப் பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. நல்ல பையன், எதற்கும் அபிப்பிராயம் சொல்வதில்லை. தன் அப்பச்சியான உங்கள் ஞாபகமாக ஒரு பெட்டி தனக்கு வேண்டும் என்று மீனாள் கேட்கிறாள். திவசத்தன்று இது பேச்சில் வந்தபோது, ஊரே தலையாட்டியது. “அண்ணன் பெட்டி மகளுக்கு, தம்பி பெட்டி தம்பிக்கு. அதானே முறை?” என்றார் மெட்ராஸ் மாப்பிள்ளை. நம் அப்பச்சி திரும்ப எழுந்து வந்து பேசுகிறாரோ என்று ஒரு நிமிடம் திகைத்துப் போனேன்.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் பங்குப் பெட்டியும் மீனாளோடு போகும். சீர்ச் சாமான்களை வளவில் பரப்பி வைத்து ஊரைப் பார்க்கச் சொல்கிற நாளில், குடம் அண்டா வரிசைக்கு நடுவில் ஒரே அலமாரியில் இரண்டும் இருக்கும். எதிரே ஒரு நாற்காலி போடுவேன். வழக்கம் போலக் கண்ணால் பார்த்து விலை சொல்லிவிட்டுப் போக ஒருவரையும் விடமாட்டேன். முதலில் மெட்ராஸ் மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து உட்கார வைப்பேன். தட்டு ஒரு பக்கம் முழுதாக ஓடி முடியட்டும். அப்புறம் அந்தத் தாளை எடுத்து, சம்பந்தி வீட்டார் உட்பட எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என் அண்ணன் பொய் சொல்லவில்லை என்று சொல்வேன். தாள் எத்தனை நாள் என் டிரங்குப் பெட்டியில் கிடந்தது என்பதையும் சொல்வேன். தவில் கேட்க வேண்டும் என்று நீங்கள் சொல்லி அனுப்பியபோது, இருபது அடி நடக்காமல் உட்கார்ந்திருந்தவன் யார் என்பதையும்.

என் அறை அலமாரியில் அந்தப் பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே வேறு எதையும் வைக்கப் போவதில்லை.

சொ.நா. என்று வெட்டிய பெட்டியை ஏழு வருஷம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த,
உங்கள் உடன்பிறந்த தம்பி,
கண்ணப்பன்